இடக்கைத் தையல்

ஆலங்காட்டுத் தோட்டம், கோப்பெங்
7-3-1926, ஞாயிறு

தம்பி சவரிநாதனுக்கு மாயாண்டி எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. இடது கையால் எழுதுவதால், எழுதிய ஈர மையின் மேலேயே கை தேய்ந்து போகிறது. கருப்பாக இழுபட்டிருக்கும் இடங்களில் என்ன எழுத்து என்று நீதான் யூகித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஆனால் எழுதுவது நான்தான். யாரும் எழுதித் தரவில்லை. அறுபத்து மூன்று வயதில் மாயாண்டி எழுதுகிறான் என்றால் நீ நம்பமாட்டாய். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் இராமசாமியின் மனைவி மங்களம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூலி லயங்களில் குடியிருக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். நானும் போய் பின்னால் உட்கார்ந்தேன். பெண்களுக்குச் சிரிப்பு. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வீரம்மா, "தாத்தா எந்தப் பொண்ணுக்குக் காயிதம் எழுதப் போறாரு?" என்று கேட்டாள். "எமனுக்குத்தான். என் பேரைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள்.

கோப்பெங் கடைத்தெருவில் நடந்தால் இப்போது எல்லாமே என்னிடம் பேசுகிறது. அரிசி மூட்டை பேசுகிறது, தீப்பெட்டி பேசுகிறது. போன வாரம் ஒரு சுவரில் இருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து முடித்தேன். இங்கே எச்சில் துப்பாதே என்று இருந்தது. அதற்கே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மங்களம் அம்மா தைப்பிங்கில் பிறந்தவர். பேச்சுவாக்கில், வலது கை விரல் மடங்காத, மாதா கோவிலுக்குப் போகும் ஒரு வேதக்காரத் தையல்காரர் லாரிகளுக்குப் படுதா தைக்கிறார் என்று சொன்னார். பெயரைக் கேட்டேன். உன் பெயர். விலாசம் வாங்கிக்கொண்டேன்.

நான் மேஜர் ரெட்பர்ன் துரையோடுதான் இருக்கிறேன். யுத்தம் முடிந்து அவர் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய துரையாக வந்தபோது என்னையும் அழைத்து வந்தார். பங்களாவில் துணிமணி தைப்பதும் வெளுப்பதும் என் வேலை. விமானம் ஓட்டியவர் என்பதால் ஜனங்கள் அவரை ஆகாயத் துரை என்கிறார்கள். இப்போது அவருக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் வந்து வந்து போகிறது, கல்லீரல் வீங்கிவிட்டது என்று டிரெஸர் சொல்கிறார். காய்ச்சல் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "மாவு மூட்டை தைச்சாச்சா?" என்று கேட்கிறார்.

உனக்கு நினைவிருக்கும். பதினாறாம் வருஷம், நாம் விமான முகாமில் தையல் வேலையில் இருந்தபோது, துருக்கியர் முற்றுகையில் மாட்டிய பட்டணத்துக்கு விமானத்திலிருந்து மாவு போட்டார்களே. சின்ன மூட்டையைப் பெரிய மூட்டைக்குள் வைத்து நாம் தைத்துக் கொடுத்தோம். விழும்போது உள்மூட்டை கிழிந்தாலும் வெளிமூட்டை மாவைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஆற்றில் விழுந்த மூட்டைகளை நினைத்து நினைத்துச் சாப்பிடாமல் இருந்தார்.

நீ சுகமா? பதில் போடு.

மாயாண்டி


தைப்பிங்
20-3-1926

மாயாண்டிக்கு,

கடிதம் வந்தது. வாசிக்க முடிந்தது.

மாவு மூட்டையை நினைவுபடுத்துகிறாய். எனக்கு நினைவில் இருப்பதை நானும் எழுதுகிறேன். பாக்தாத்துக்குத் தெற்கே நம்முடைய முகாம். இருபதாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். மேஜர் அப்போது நாலு முகாம்களில் இருந்த விமானங்களுக்கெல்லாம் தலைவர். விமானத்தின் மரச் சட்டத்து மேல் போர்த்தும் இறக்கைத் துணியைத் தைத்தவன் ஓரத்தில் சிவப்பு நூலால் தன் அடையாளத்தைப் போடவேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பெயரைத் தமிழில் போட்டால் துரைகளுக்குப் புரியாது என்று ஆளுக்கு ஒரு குறி. உனக்கு ஒரு முடிச்சு. எனக்கு ஒரு சிலுவை. பறக்கப் போகும்முன் அவர் அந்தக் குறியை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு விமானம் கீழே விழுந்தது. பென்னட், லோரி என்று இரண்டு இளம் துரைகள் செத்தார்கள். உடைந்த இறக்கையில் என் சிலுவை இருந்தது. அந்த இறக்கையை நான் தைக்கவில்லை. மூன்று நாளாகக் காய்ச்சலில் கூடாரத்தில் கிடந்தேன். அதைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நீ என்ன சொன்னாய் என்று உனக்குத் தெரியும். எட்டு மாதம் பஸ்ராவில் கல் உடைத்தேன். மடங்காத விரல் அங்கே வந்தது.

ஆறு வருஷம் இதை யாரிடமும் பேசவில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது. என் மகள் இசபெல்லாவுக்கு ஈப்போவில் ஒரு வரன் வந்தது. பையன் நல்லவன். அவனுடைய அப்பா யார் தெரியுமா? நம் தையல் கூடாரத்துக்கு மேஸ்திரியாக இருந்த பாஸ்கல். பெண் பார்க்க வந்து, என்னைக் கண்டதும் காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டார். "ரெண்டு பேரைக் கொன்ன கை தாலி எடுத்துக் குடுக்கக்கூடாது" என்றார். அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பையன் வேறு பெண் வேண்டாம் என்று நிற்கிறான். அதனால் பாஸ்கல் ஒரு வழி விட்டிருக்கிறார். குற்றம் என்னுடையது இல்லை என்று மேஜர் கைப்பட எழுதித் தரவேண்டும். ஜூலைக்குள் அது வந்தால் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஆகஸ்ட் மாதா திருநாளுக்குப் பிறகு கல்யாணம். வராவிட்டால் இல்லை.

நீ அவரோடு இருக்கிறாய். வாங்கித் தா. வேறு எதையும் உன்னிடம் கேட்கவில்லை.

சவரிநாதன்


ஆலங்காட்டுத் தோட்டம்
11-4-1926, ஞாயிறு

தம்பி சவரிநாதனுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். மூன்று நாள் பிடித்தது. கொன்ன கை என்ற இடத்தில் ஒரு நாள் நின்றுவிட்டேன். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் வாய்விட்டு வாசித்திருப்பார்கள், லயம் முழுக்கக் கேட்டிருக்கும். அந்த மட்டில் எழுத்துக் கற்றது நல்லதாயிற்று.

மேஜரிடம் பாதி கேட்டேன். கம்பளியை மாற்றும்போது, "துரை, சவரிநாதன் தைப்பிங்கில் இருக்கான்" என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மீதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் எப்படி ஆகிவிட்டார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தோட்டத்துக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பங்களாவைச் சுற்றி மரம் வைத்ததுதான். வாசலில் நின்றால் வானம் கையகலம் கூடத் தெரியாது. மற்றத் துரைமார் புல்தரை வைக்கிறார்கள், இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேட்டார். துரைக்கு வெயில் ஆகாது என்று சொல்லிவைத்தேன். மேசையில் வாழைப்பழம் வைக்கக்கூடாது. நாம் இறக்கைத் துணியை விறைப்பாக்கப் பூசுவோமே அந்த வார்னிஷ், அது பழுத்த வாழைப்பழம் மாதிரியே வாசம் அடிக்கும். ஒருநாள் சமையற்காரன் தெரியாமல் ஒரு சீப்பு வாங்கிவந்து வைத்துவிட்டான். துரை எழுந்துபோய்த் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தார்.

மாவு போட்ட கை குண்டு போட ஆரம்பித்ததையும் நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். பதினெட்டில் பின்வாங்கிப் போன துருக்கிச் சிப்பாய்களை மலைப்பாதையில் சுட்டுவிட்டு வந்தார். மாடும் மனிதரும் சேர்ந்து கிடந்ததாகச் சொன்னார். அதற்கு மெடல் கொடுத்தார்கள். அதன்பிறகு அவர் அதிகம் பறக்கவில்லை. மேசையில் வரைபடத்தை விரித்து, எந்தக் கிராமத்துக்கு எத்தனை விமானம் என்று கோடு போட்டார். யுத்தம் முடிந்துவிட்டது என்று நாம் நினைத்தோம். கிராமங்களுக்கு முடியவில்லை. விமானங்கள் திரும்பி வந்த பிறகு இறக்கைகளில் ஒட்டியிருக்கும் கரியை நாம் துடைப்போம். அது மரக்கரியா வேறு ஏதாவதா என்று நாம் பேசிக்கொண்டதில்லை.

இப்படி எழுதுவதால் அவருக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே. எழுத ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்கிறேன்.

உன் பெயரில் வரும் ச எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. இப்போது வருகிறது.

மாயாண்டி


தைப்பிங்
18-4-1926

மாயாண்டிக்கு,

மேஜர் வாழைப்பழம் சாப்பிடாத கதை என் மகளுக்கு உதவாது.

அவரிடம் கேட்க உனக்கு ஏன் வாய் வரவில்லை என்று யோசித்தேன். பிறகு வேறொன்றை யோசித்தேன். அந்த வாரம் தையல் கூடாரத்தில் ஐந்து பேர்தான். பாஸ்கல் மேஸ்திரியும் இன்னொருவரும் பஸ்ராவுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார்கள். ஒருவன் கிழிசல் மட்டும் தைக்கிறவன், இறக்கையைத் தொடவிடமாட்டார்கள். நான் காய்ச்சலில் கிடந்தேன். மீதி நீ.

ஆறு வருஷமாக இந்தக் கணக்கை நான் போடாமல் இருந்தேன். நீ எனக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊற்றியவன் என்பதால் போடாமல் இருந்தேன்.

இப்போது உனக்கு எழுதத் தெரியும். யாரும் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த இறக்கையைத் தைத்தது யார்? உன் கையால் எழுது.

சவரிநாதன்


ஆலங்காட்டுத் தோட்டம்
9-5-1926, ஞாயிறு

சவரிநாதனுக்கு,

நான்தான் தைத்தேன்.

இந்த இரண்டு சொல்லை எழுத மூன்று ஞாயிறு ஆயிற்று. மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாள் வேலைக்கு வராதவனைப் பட்டியலிலிருந்து எடுத்து ஆற்றங்கரைச் சுமை கூட்டத்துக்கு அனுப்புவார்கள் அல்லவா? அந்த மாதம் அங்கே வாந்திபேதி. போனவர்களில் யாரும் திரும்பவில்லை. உனக்கு அது மூன்றாவது நாள். அன்று சாயங்காலத்துக்குள் உன் பெயரில் ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும். உன் பங்குக்கு வைத்திருந்த இறக்கையை எடுத்து நான் தைத்தேன். அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. முடித்ததும் உன் சிலுவையைப் போட்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். உன்னிடம் வந்து சொல்வதற்குள் நீ நினைவில்லாமல் இருந்தாய்.

மறுநாள் விமானம் விழுந்தது.

விசாரணையில் மேஜர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். துணியைத் தூக்கிச் சிலுவையை மட்டும் காட்டி, இது யாருடைய குறி என்று கேட்டார். சவரிநாதனுடையது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. என் தையல் விட்டுத்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் விழுந்தார்கள் என்று நினைத்தேன். தூக்கில் போடுவார்கள் என்று பயந்தேன். உன்னைப் போடமாட்டார்கள், நீ நோயாளி, விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது நான் வாசலில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் நுழையவே இல்லை.

எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. பயப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தும் பயந்தேன்.

மாயாண்டி


தைப்பிங்
16-5-1926

மாயாண்டிக்கு,

வாசித்தேன்.

என் மனைவி யாருடைய கடிதம் என்று கேட்டாள். படுதாவுக்குத் துணி விற்கிறவன் எழுதியது என்றேன்.

மேஜரிடம் போய் இதைச் சொல். அவர் செத்துப்போவதற்கு முன் சொல்.

சவரிநாதன்


ஆலங்காட்டுத் தோட்டம்
13-6-1926, ஞாயிறு

சவரிநாதனுக்கு,

சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல் இறங்கி, துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். டிரெஸர் ஊசி போட்டுவிட்டுப் போன பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மேல் கோபப்படுவார், ஆளைக் கூப்பிட்டு வெளியே தள்ளச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும், மாயாண்டி" என்றார்.

அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னதை எழுதுகிறேன். விழுந்த இடத்துக்கு முதலில் போனவர் அவர்தான். துணியைக் கையில் எடுத்ததுமே அது என் தையல் என்று கண்டுகொண்டார். வலது கைக்காரன் தையல் ஒரு பக்கம் சாயும், என்னுடையது எதிர்ப்பக்கம் சாயும். நாலு வருஷமாகப் பறக்கும்முன் தொட்டுப் பார்த்தவருக்குச் சிலுவையும் முடிச்சும் தேவையே இல்லை. கை யாருடையது என்று விரலுக்குத் தெரியும். இதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதைவிடப் பெரியது ஒன்று. தையல் விடவில்லை. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. இறக்கைக்குள் இருந்த கட்டைதான் முறிந்தது. அந்த ஊர் வெயிலில் மரம் சுருங்கி, பசை விட்டுப்போயிருந்தது. விமானத்தைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர்கள் காலையிலேயே சொல்லியிருக்கிறார்கள், இன்று இதற்கு மேல் இந்த விமானம் போகக்கூடாது என்று. வரி கட்டாத ஒரு கிராமம் மீதி இருந்தது. மேஜர் மூன்றாவது தடவையாக அனுப்பினார், வழக்கத்தைவிட அதிகக் குண்டு ஏற்றி. பென்னட் துரை ஏறும்முன் அவரிடம் ஏதோ சொல்ல வந்தாராம். சொல்லாமல் சல்யூட் மட்டும் வைத்துவிட்டுப் போனாராம்.

கட்டையை எரிக்கச் சொன்னது மேஜர். துணியை மட்டும் வைத்துக்கொண்டார். பழி தையற்காரன் மேல் போனால் தன் மேல் வராது என்று. செத்தவர்களின் தாய்மார் இருவருக்கும் அப்படியே கடிதம் எழுதிவிட்டார். அதில் ஒரு அம்மா இன்னும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்குப் பதில் எழுதுகிறார். அந்த உறையை நானே வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது எழுத்தே தெரியாது. தெரிந்திருந்தாலும் அது இங்கிலீஷ்.

என்னை ஏன் கூட அழைத்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ கிட்டே இருந்தா நீயும் பேசமாட்டே, நானும் பேசமாட்டேன்" என்றார்.

பிரியத்தால் என்று நான் நினைத்திருந்தேன், தம்பி. ஐந்து வருஷம் அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தேன்.

உன் மகளைப் பற்றிச் சொல்லி, ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவரால் முடியாது என்றார். எழுதினால் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றார். இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். மெடல்களுக்கு அடியில், மடித்த ஒரு துணி. உன் சிலுவையோடு. எடுத்து என் மடியில் போட்டார். போ என்று கையைக் காட்டினார்.

துணி என்னிடம் இருக்கிறது. இன்னமும் வாழைப்பழ வாசனை அடிக்கிறது. கையெழுத்து வாங்க முடியவில்லை. வருகிற வாரம் இதை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறேன்.

மாயாண்டி


ஆலங்காட்டுத் தோட்டம்
27-6-1926, ஞாயிறு

சவரிநாதனுக்கு,

ஈப்போவில் பாஸ்கல் மேஸ்திரியைப் பார்த்தேன். கடை வாசலில் இருந்த பெயரை நானே வாசித்து, யாரையும் கேட்காமல் உள்ளே போனேன். ஆள் பருத்துவிட்டார், குரல் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "துரையோட செல்லப்பிள்ளையா? சீட்டு எங்கே?" என்றார். சீட்டு இல்லை, துணிதான் இருக்கிறது என்றேன். துணியை யார் கேட்டது என்றார்.

அவர் முன்னால் விரித்தேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். கடையில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

பாஸ்கல் மேஸ்திரி நம்பவில்லை. துரை கையெழுத்துப் போடமாட்டார் என்றதும் சவரிநாதனும் நீயும் சேர்ந்து கதை கட்டுகிறீர்கள் என்றார். பிறகு ஒரு துண்டு லினன் துணியையும் ஊசியையும் என் முன்னால் போட்டு, "ஒரு சாண் தைச்சுக் காட்டுலா" என்றார்.

இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை. ஊசியில் நூல் கோக்க எனக்கு நேரம் ஆனது. யாரும் உதவ வரவில்லை. இடது கையால் ஒரு சாண் தைத்தேன். அங்குலத்துக்கு எட்டு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நகத்தால் தடவினார். எண்ணினார். அவர் மேஸ்திரியாக இருந்தபோது நம் வேலையைச் சோதிப்பாரே, அதே மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டு. திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீதான்" என்றார்.

பிறகு பழைய துணியை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுத்தார். தையல் விடவில்லை.

"இது விடவே இல்லையேடா. அப்புறம் எதுக்குடா வாயை மூடிக்கிட்டிருந்தே?" என்றார்.

துணியை அவர் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தைப்பிங்குக்கு வருவதாகச் சொன்னார். எனக்குக் காப்பி கொடுக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

மாயாண்டி


தைப்பிங்
25-7-1926

மாயாண்டி அண்ணனுக்கு,

பாஸ்கல் மேஸ்திரி மூன்று வாரம் முன்னால் மகனோடு வந்தார். வாசலில் நின்று, தெருவில் இருப்பவர்கள் கேட்கும்படி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். உள்ளே வந்து காப்பி குடித்தார், இரண்டு தடவை கேட்டு வாங்கி. இன்று மூன்றாவது ஓலை வாசித்தாயிற்று. யாரும் தடை சொல்லவில்லை. பெயர் வாசித்தபோது இசபெல்லா தலையைக் குனியவில்லை, நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநாளுக்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம்.

இதெல்லாம் நீங்கள் செய்தது. அதை எழுதாமல் விட்டால் நான் மனிதன் இல்லை.

ஆனால் இதையும் எழுதவேண்டும். பாஸ்கல் அந்தத் துணியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எல்லோரும் தூங்கப் போன பிறகு அதைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல தையல். நான் தைத்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. அப்போதுதான் எனக்கு உங்கள் மேல் உண்மையான கோபம் வந்தது. நூல் விட்டிருந்தால் நீங்கள் பயந்ததற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும். நீங்கள் உங்கள் கையையே நம்பவில்லை. அதற்கு என் கை போனது.

சிலுவையைப் போட்டதற்கு உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆற்றங்கரைக்குப் போயிருந்தால் அன்றே செத்திருப்பேன். அதன் பிறகு பேசாமல் இருந்ததை மன்னிக்க எனக்கு வரவில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தேன், வரவில்லை.

கல்யாணத்துக்கு வரவேண்டாம். என் மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இனி எழுதவும் வேண்டாம்.

சவரிநாதன்


ஆலங்காட்டுத் தோட்டம்
8-8-1926, ஞாயிறு

தம்பி சவரிநாதனுக்கு,

எழுதவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வாசித்தேன். அண்ணனுக்கு என்று போட்டிருக்கிறாய். அதையும் வாசித்தேன், நாலைந்து தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

மேஜர் செத்துப்போனார். ஜூலை இருபதாம் தேதி. கடைசி மூன்று நாளும் மாவு மூட்டையைத்தான் கேட்டார். தைத்தாயிற்று என்று சொன்னேன், எண்ணிப் பார்த்தாயா என்று கேட்டார், எண்ணினேன் என்று சொன்னேன். வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. அவரை மன்னித்தேனா என்று கேட்காதே. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பத்துகாஜாவில் வெள்ளைக்காரர் கல்லறையில் புதைத்தார்கள். சுற்றிலும் தோட்டத்துத் துரைமார். ஒருவர் தாளைப் பார்த்து அவருடைய வாழ்க்கையை வாசித்தார். டிரெஸர் என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனை மெடல், எத்தனை தடவை பறந்தார், பசித்த பட்டணத்துக்கு எப்படி மாவு கொண்டுபோனார், எத்தனை பேருக்குத் தலைவராக இருந்தார். பென்னட்டும் லோரியும் அதில் இல்லை. கிராமங்கள் இல்லை. நீ இல்லை. அந்தத் துரை வாசித்து முடித்துத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மீதி நான் உனக்கு எழுதியதில்தான் இருக்கிறது.

பெட்டிக்கு உள்துணி தைக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். வெள்ளைத் துணி. தைத்தேன். அவருடைய வலது கை வருகிற இடத்தில், விரல் படுகிற ஓரத்தில், சிவப்பு நூலால் என் முடிச்சைப் போட்டேன். உன்னுடையது இல்லை, என்னுடையது. முடிச்சுக்குப் பக்கத்தில் என் பெயரையும் தைத்தேன். மாயாண்டி. நூலில் எழுதுவது தாளில் எழுதுவதைவிட எனக்குச் சுலபமாக வருகிறது. தொட்டுப் பார்க்கட்டும்.

ஈப்போவில் நான் பேசியது புதுத் துரையின் காதுக்கு வந்துவிட்டது. செத்தவரைப் பற்றி அவதூறு சொன்னவன் பங்களாவில் இருக்கக்கூடாது என்றார். என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன். நோயாளிகளின் போர்வைகளைத் தைக்கிறேன். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகுகிறது. இங்கே மரம் இல்லை, வானம் நன்றாகத் தெரிகிறது. வீரம்மா வந்து, "துரையைப் பாத்துக்கிட்டே இருந்தியே, அவரு போனதும் உன்னையத் துரத்திட்டாங்களே தாத்தா" என்றாள். பரவாயில்லை, எழுத்துப் பழகும் ஸ்லேட்டை எடுத்துக்கொள்ள விட்டார்கள் என்றேன்.

உன் கோபம் நியாயம். என் கையை நான் நம்பவில்லை என்று எழுதினாயே, அதை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆறு வருஷம் யோசித்தும் நானே அதைக் கண்டுபிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு வரமாட்டேன். அந்தப் புதன்கிழமை நான் வேலையிலேயே இருப்பேன். இசபெல்லாவுக்கு ஒன்றும் தைத்து அனுப்பவும் மாட்டேன். அவளுக்கு என்னை யாரென்று சொல்லவேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பதில் போடவேண்டாம். பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி. ஆனால் நான் எழுதுவேன். ஆறு வருஷம் பேசாமல் இருந்தவனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, எழுத்தும் மெதுவாகத்தான் வருகிறது. உறையின் மேல் என் பெயரை இந்த இடது கையால்தான் எழுதியிருக்கிறேன், கோணலாக, மை இழுபட்டு. யாருடைய வேலை என்று இந்தத் தடவை யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இருட்டிக்கொண்டு வருகிறது, மழை வரும்போல் இருக்கிறது. தாள் நனைவதற்கு முன் மடித்துவிடுகிறேன். வருகிற ஞாயிறு மத்தியானம் எழுத்துப் பாடம் முடிந்ததும் அடுத்ததை ஆரம்பிக்கிறேன்.

மாயாண்டி